படுவான்கரையில் வயல் செய்யலாம், குடியிருக்கலாமா?

படுவான்கரைப் பக்கம் வந்து விவசாயம் செய்யப்போகிறோம் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்கிற கேள்வி, இரவில் எங்கே படுக்கப்போகிறீர்கள் என்பதுதான். நிலம் எவ்வளவு, தண்ணீர் எங்கிருந்து வரும், கையில் காசு எவ்வளவு இருக்கிறது எல்லாம் அப்புறம் பேசலாம். நாங்கள் 2019-ல் கொழும்பு வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து குடியேறியது ஆட்களுக்குத் தெரியும் என்பதால், கல்முனையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் யாராவது வந்து கேட்கிறார்கள், கட்டாரிலிருந்து லீவில் வந்து நிற்கிற தம்பிமாரும் கேட்கிறார்கள். எனக்கு அது பெரிய சந்தோசம். ஆனால் அவர்களில் அநேகமானோர் மனதில் வைத்திருப்பது என்னவென்றால், களுவாஞ்சிகுடியிலோ மட்டக்களப்பு நகரத்திலோ வீட்டை எடுத்துக்கொண்டு, காலையில் மோட்டார் சைக்கிளில் வாவியைத் தாண்டி வந்து வயலைப் பார்த்துவிட்டு, பொழுதுபட முதல் திரும்பிவிடலாம் என்பதுதான். அப்படியும் செய்யலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், நெல்லும் விளைகிறது. ஆனால் ஊர் அப்படி எழும்பாது. இங்கே வந்து இத்தனை போகம் பார்த்த பிறகு எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

தூரத்து ஆட்களுக்காக ஒரு வரி: மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாக இருப்பது எழுவான்கரை, மேற்கே வயலும் குளமும் காடுமாகக் கிடப்பது படுவான்கரை. எங்கள் ஊர் கொக்கட்டிச்சோலையைத் தாண்டி, தாந்தாமலைக்குப் போகிற பக்கம். 2014-ல் ஜப்பான் உதவியில் மண்முனைப் பாலம் திறக்கும்வரை இந்தப் பக்கம் வர வேண்டுமென்றால் பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவைப் படகில் ஏறித்தான் வர வேண்டும், இரவில் ஒரு கர்ப்பிணிக்கு வலி வந்தாலும் பாதை வரும்வரை துறையில் காத்திருக்க வேண்டும். பாலம் வந்தது எங்கள் ஆட்களின் உயிரைக் காத்திருக்கிறது, அதில் இரண்டாம் பேச்சு இல்லை. அதே பாலத்தில், மாரி மழையோடு செய்கிற பெரும்போகக் காலத்தில் காலை ஆறரை மணிக்கு நின்று பார்த்தால் பசளை மூடையும் மருந்துத் தாங்கியும் கட்டிய சைக்கிள்கள் மேற்கே வரிசையாக வரும், பின்னேரம் ஐந்து மணிக்கு வெறும் சைக்கிள்களாகக் கிழக்கே போகும். வயலைப் பார்க்க ஆள் இருக்கிறது. வயலுக்குப் பக்கத்தில் இருக்கிற வீடுகளில்தான் இல்லை.

இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. பழைய நாளில் வயல் சொந்தக்காரரான போடியார் எழுவான்கரையில் இருப்பார், அவருடைய வயலைப் பார்க்கிற முல்லைக்காரன் குடும்பத்தோடு வாடி என்கிற வயல் குடிசையில் இருந்து வேளாண்மை செய்வான், உழவில் இருந்து சூடு (நெற்போர்) அடித்து நெல்லை வண்டியில் ஏற்றும்வரை அந்த வாடியில்தான் அடுப்பு எரியும். அதற்குப் பிறகு யுத்தம். 2007 தொடக்கத்தில் படுவான்கரையின் பெரும்பகுதி சட்டி பானையோடு இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அக்கரையில் பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்த்துவிட்ட குடும்பங்களில் பல அங்கேயே துண்டுக் காணி வாங்கி நின்றுவிட்டன. அவர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. எங்கள் அம்மாவும் அப்படி நின்றவர்தான்.

நான் வந்த புதிதில் பக்கத்து வளவு (வீடும் தோட்டமும் சேர்ந்த காணி) பெத்தாச்சியிடம், எத்தனை ஏக்கர் செய்தால் ஒரு குடும்பம் இங்கே தாக்குப்பிடிக்கலாம் என்று கேட்டேன். "வயலுக்கு ஆள் தேவையில்ல புள்ள, காசிருந்தாச் சரி. வளவுக்குத்தான் ஆள் வேணும், மாட்டுக்கு ஆள் வேணும். அதப் பார்த்துக்க, மறுகா வயலப் பாப்பம்" என்றார். இந்த ஊரைப் பற்றி நான் கேட்ட பேச்சுகளில் இதைவிடச் சரியானது வேறில்லை.

இன்றைக்கு நெல் எப்படி விளைகிறது என்று பாருங்கள். மூன்றரை மாத நெல் என்று வையுங்கள். உழவு மெஷின் வந்து உழுதுவிட்டுப் போகும், பலகை அடித்து விதைப்பது ஒரு நாள், களைநாசினி அடிப்பது ஒரு நாள், யூரியா எறிவது இரண்டு மூன்று தடவை, அறக்கொட்டியோ மடிச்சுக்கட்டியோ ஏதாவது பூச்சி வந்தால் மருந்து, நடுவில் தண்ணீர் கட்டுவது. கடைசியில் வெட்டு மெஷின் வந்தால் ஒரு ஏக்கர் ஒரு மணித்தியாலம். முன்பு வேளாண்மை வெட்டு என்றால் ஊரில் கூலிக்கு ஆள் போதாமல் வெளியூரிலிருந்து வருவார்கள், வெட்டி, உப்பட்டிக் கதிரைக் கட்டி, நெல் அடிக்கிற களவெட்டிக்குச் சுமந்து, சூடு வைத்து, அடித்து, தூற்றி முடிய வாரக்கணக்காகும், அத்தனை கையும் ஊரில் தங்கிச் சாப்பிடும். அந்த முறுகிய வெயிலில் குனிந்து நின்று வெட்டிய பெண்களின் முதுகை நான் பார்த்திருக்கிறேன், அது திரும்பி வர வேண்டும் என்று கேட்கிற உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் நெல்லுக்கு ஊரில் ஆள் குடியிருக்க வேண்டிய தேவை போய்விட்டது, இதை மறைத்துக்கொண்டு, குளத்தைத் திருத்தினால் போதும் ஊர் தானாக நிமிர்ந்துவிடும் என்று பேசுவதில் பயனில்லை. குளம் திருந்தினால் நெல் கூடும். கடைக்கு ஆள் வருமா, பாடசாலைக்குப் பிள்ளை வருமா என்பது வேறு கேள்வி.

ஆகவே நாங்கள் வளவில் இருந்து தொடங்கினோம். கத்தரி, வெண்டி, பயற்றை, கொச்சிக்காய், வேலி ஓரம் முருங்கை, கொஞ்சம் மரவள்ளி, ஊர்க்கோழி, அதற்குப் பிறகு மாடு. இதெல்லாம் ஒவ்வொரு நாளும் ஆளைக் கேட்கிற வேலை. பயற்றங்காயை இரண்டு நாள் பிடுங்காமல் விட்டால் முற்றிவிடும். பசு காலையில் கறக்காவிட்டால் கத்தும். அந்த நச்சரிப்புத்தான் ஒரு குடும்பத்தை ஊரில் பிடித்து வைக்கிறது, அதோடு நாளாந்தம் கையில் கொஞ்சம் காசையும் தருகிறது, போகத்துக்கு ஒரு தடவை வந்து கடனுக்கே போய்விடுகிற நெல்லுக் காசைப் போல இல்லாமல். ஊர்ப் பசு ஒன்று ஒன்றரை லீற்றர், மிஞ்சினால் இரண்டு லீற்றர் தரும். குறைவுதான். ஆனால் அது காட்டுப் புல்லைத் தின்றுவிட்டு வைக்கோலில் காலம் தள்ளும், சாணியும் தரும். எழுவான்கரையில் களுதாவளை ஆட்கள் வெறும் கடல் மணலில் கிணற்றைத் தோண்டி, பசளை போட்டு, வெற்றிலையும் வெங்காயமும் கத்தரியும் எடுக்கிறார்கள். எங்கள் மண் அதைவிடக் கொழுத்த மண். அந்த ஊரில் மாலை நேரம் போய்ப் பாருங்கள், தோட்டத்துக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு வேலிதான், எல்லாரும் அங்கேயேதான் இருக்கிறார்கள்.

சாணி என்று சொன்னதும் 2021 ஞாபகம் வருகிறது. அந்த ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள், நவம்பரில் முடிவைத் திருப்பினார்கள், அதற்குள் பெரும்போக விதைப்பு நடந்து முடிந்துவிட்டது. பயிர் மஞ்சளாக நின்றது. ஒரு மூடை யூரியா பின்னால் 40,000 ரூபாய் வரை போனதைக் கேட்டு வயசான விவசாயிகள் வரம்பில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். சேதனப் பசளை போடு என்று சொல்வது லேசு, ஒரு ஏக்கருக்கு அது தொன் கணக்கில் வேண்டும், அவ்வளவையும் லொறியில் ஏற்றி யாரும் கொண்டுவந்து கொட்டப்போவதில்லை. மாடு படுக்கிற இடத்தில்தான் அது உண்டாகும். மாட்டுப் பட்டி வைத்திருந்த, வயலுக்குப் பக்கத்தில் குடியிருந்த குடும்பங்கள்தான் அந்தப் போகத்தில் ஓரளவுக்காவது நெல்லைக் கண்டன. அடுத்த ஆண்டு எரிபொருள் இல்லை. 2022-ல் வெயில் காலத்துச் சிறுபோகத்தின் நடுவில், ஜூன் ஜூலையில், பெற்றோல் வரிசையில் இரவு பகலாகக் கிடந்தவர்களால் அக்கரையிலிருந்து வயலுக்கு வரவே முடியவில்லை. இங்கே இருந்தவர்கள் நடந்து போய் மடையைத் திறந்தார்கள். குடியிருப்பது எவ்வளவு பெரிய காப்புறுதி என்பதை அந்த இரண்டு ஆண்டுகளும் எங்களுக்குக் காட்டின.

இனி யானை. இதைச் சொல்லாமல் யாரையும் வா என்று கூப்பிடக் கூடாது. இலங்கையில் ஆண்டுதோறும் நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்கள் யானையால் சாகிறார்கள், யானைகள் அதைவிடக் கூடுதலாகச் சாகின்றன. வவுணதீவு, வெல்லாவெளிப் பக்கமும் எங்கள் பக்கமும் இது செய்தியில்லை, வாழ்க்கை. வாழைக் குட்டி, தென்னம்பிள்ளை, பலா எல்லாம் ஓர் இரவில் போகும். நெல் கதிர் முற்றும்போது வரும், அறுவடை முடிந்த பிறகு வீட்டில் அடுக்கிய நெல் மூடையின் மணத்துக்குச் சுவரை இடித்துக்கொண்டும் வரும். ஊரில் ஆள் குறையக் குறைய அது வளவுக்குள் வருகிறது, பாழ் வளவுகளில் பற்றை மண்டிப்போய் காட்டுக்கும் ஊருக்கும் எல்லை இல்லாமல் போய்விட்டது. மின்வேலி இருந்தால் மட்டும் போதாது, அதன் அடியில் வளர்கிற புல்லை வெட்டி, கம்பியைப் பார்த்து, பட்டரியைப் பார்த்து வைத்திருக்க ஊரில் ஆள் வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் வேலி ஆறு மாதத்தில் கொடி படர்ந்து செத்துப்போகும்.

யானைக்கும் நெல் விலைக்கும் உள்ள தொடர்பை வெளியில் இருக்கிறவர்கள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. வீட்டில் நெல் வைக்கப் பயம். காயவைக்கக் களம் இல்லை, தார் ரோட்டுத்தான் களம். ஆகவே வெட்டு மெஷினில் இருந்து ஈரத்தோடு விழுகிற நெல்லை வயல் ஓரத்தில் காத்து நிற்கிற லொறிக்கே, அவர்கள் சொல்கிற விலைக்கு, மூடைக்கு இத்தனை கிலோ கழிவு என்று அவர்கள் சொல்கிற கணக்குக்குக் கொடுத்துவிடுகிறோம். நாட்டில் முந்தி அறுவடை தொடங்குகிற இடங்களில் மட்டக்களப்பும் அம்பாறையும் இருக்கின்றன, ஜனவரியிலேயே மெஷின் இறங்கிவிடும். 2025-ல் அரசாங்கம் நாடு வகை நெல் கிலோ 120 ரூபாய் என்று உத்தரவாத விலையை அறிவித்தது பெப்ரவரி பிறந்த பிறகுதான். அந்த விலைக்கு நெல்லைக் கொடுக்க ஈரப்பதன் 14 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு களமும், யானை இடிக்க முடியாத ஒரு களஞ்சியமும் இருந்திருந்தால் இரண்டு மூன்று வாரம் வைத்துக் காயவிட்டு நாங்களும் அந்த விலையைக் கண்டிருப்போம். ஒரு ஊருக்கு அரசாங்கமோ நிறுவனங்களோ ஏதாவது கட்டிக்கொடுக்க வேண்டுமென்றால் அது இதுதான் என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

இப்போது கிடைப்பதெல்லாம் கோழிக்குஞ்சு, தென்னங்கன்று, தண்ணீர்ப் பம்பி. வாங்கிக்கொள்கிறோம், நன்றிதான். ஆனால் குஞ்சைப் பார்க்க வீட்டில் ஆள் வேண்டுமே. ஜப்பானிலும் கிராமங்கள் இப்படித்தான் ஆள் இல்லாமல் போகின்றன, எங்களுக்குப் பாலம் கட்டித் தந்த நாடு அது. அங்கே 2009-ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள், நகரத்தில் இருப்பவர்கள் ஆள் குறைந்த ஊருக்குக் குடிபெயர்ந்து அந்த ஊர் வேலையைச் செய்தால் மூன்று ஆண்டுகள் வரை சம்பளம் உண்டு. 2012-ல் புதிதாக விவசாயத்துக்கு வருகிற இளையவர்களுக்கு ஆண்டுக்கு 15 இலட்சம் யென் வரை கொடுக்கத் தொடங்கினார்கள். எங்களிடம் அந்தக் காசு இல்லை. நான் பார்ப்பது எதற்குக் கொடுக்கிறார்கள் என்பதை: ஒரு மனிதர் அந்த ஊரில் காலூன்றும்வரை அவருடைய சாப்பாட்டுக்குக் கொடுக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போகவே வேண்டாம், பக்கத்தில் அம்பாறையைப் பார்க்கலாம். 1949-ல் தொடங்கிய கல்லோயாக் குடியேற்றத் திட்டத்தில் குளத்தோடும் வாய்க்காலோடும் வீடும் ரோட்டும் பாடசாலையும் சேர்ந்தே வந்தன. அந்தக் குடியேற்றத்தின் அரசியல் கிழக்குத் தமிழர்களுக்குச் செய்தது பெரிய காயம், 1956 இனக்கலவரத்தில் அங்கே சிந்திய இரத்தத்தை நான் மறக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒரு குடும்பம் வயலோடு தங்க வேண்டுமென்றால் என்னென்ன வேண்டும் என்று அரசுக்கு அன்றைக்கே நன்றாகத் தெரிந்திருந்தது. எங்கள் பழைய ஊர்களுக்கு மட்டும் அது ஏன் மறந்துபோனது? உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரைச் சுத்திகரித்து மட்டக்களப்பு நகரத்துக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். வைகாசி கழிந்தால் கிணறு வற்றி, தண்ணீர் பவுசர் எப்போது வரும் என்று பார்த்திருக்கிற வீடுகள் படுவான்கரையில் இன்னும் இருக்கின்றன.

மாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்போகத்தில் வயல் நிறையப் பயிர் நிற்கும்போது பட்டிகளை ஊரில் வைக்க முடியாது, தூரத்து மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோக வேண்டும். செங்கலடிப் பக்கத்துப் பட்டிக்காரர்களுக்கு மயிலத்தமடு, மாதவணை. அங்கே மேய்ச்சல் தரையை உழுது பயிர் செய்கிறார்கள், மாடுகளை வெட்டுகிறார்கள், சுடுகிறார்கள் என்று சொல்லி 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். மேய்ச்சல் தரை போனால் மாடு போகும், மாடு போனால் சாணி போகும், பாலும் நாளாந்தக் காசும் போகும், குடும்பம் அக்கரைக்குப் போகும். இது வெறும் மாட்டுக்காரர் பிரச்சினை என்று நினைக்கிற வயல்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு நான் சண்டை பிடித்திருக்கிறேன், இனியும் பிடிப்பேன்.

பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் வளவும் வயலும் தாய்வழியாக மகளுக்குத்தான் வரும், நான் இருக்கிற காணியும் அம்மாவுக்கு அம்மம்மா கொடுத்த சீதனம். உறுதி என் பெயரில். அப்படியிருந்தும் ஒரு கூட்டத்தில் கையெழுத்து வாங்க வந்தவர் என்னைத் தாண்டி என் கணவரைத் தேடினார். "காணிக்காரி இவதான்" என்று என் கணவர் சொன்ன பிறகுதான் தாள் என் பக்கம் வந்தது. ஊரை விட்டுப் போகலாமா நிற்கலாமா என்று உண்மையில் முடிவெடுப்பது அநேக வீடுகளில் பெண்தான், பிள்ளையின் படிப்பையும் தண்ணீரையும் இரவையும் நினைத்து முடிவெடுக்கிறாள். விவசாயிகளின் கமக்காரர் அமைப்பில் அவளை உறுப்பினராகச் சேர்க்காமல் வேலியைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் ஆண்கள் மட்டும் பேசிக்கொண்டிருந்தால் சரியான கேள்விகளே வராது.

வருகிறவர்கள் காசைப் பற்றியும் கேட்பார்கள். நகையை அடகு வைத்து ஐந்து ஏக்கர் வாங்காதீர்கள். குத்தகைக்கு ஓர் ஏக்கர், வளவோடு ஒரு வீடு, வீட்டில் ஒருவருக்காவது மாதச் சம்பளம், இப்படித் தொடங்கினால் ஒரு வெள்ளத்தைத் தாங்கலாம். வெள்ளம் கட்டாயம் வரும். எங்கள் மழையில் பெரும்பகுதி ஒக்டோபரில் இருந்து ஜனவரிக்குள் கொட்டித் தீர்க்கும், 2024 நவம்பர் கடைசியில் விதைத்த வயல்கள் நாட்கணக்காகத் தண்ணீருக்குள் கிடந்து அழுகியதை நாங்கள் பார்த்தோம். எந்த வயல் கண்டம் முதலில் மூழ்கும், எந்தக் கண்டத்தில் தண்ணீர் நிற்காது என்பதெல்லாம் வயல்களைப் பார்க்கிற வட்டவிதானையாருக்கும் அந்த வயலில் கிழமானவர்களுக்கும் தெரியும். விலை பேச முதல் அவர்களிடம் போய்க் கேளுங்கள். ஆறுதலாக உட்கார்ந்து கேளுங்கள், ஒரு பின்னேரம் முழுக்கச் சொல்லுவார்கள்.

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு எங்கள் ஊர் நிரம்பும். கதவு திறக்காத வீடுகளெல்லாம் திறக்கும், ஒரு கிழமை கடையில் பாணுக்கு வரிசை நிற்கும், கடைசிச் சடங்கான குளிர்த்தி முடிந்ததும் எல்லாரும் புறப்பட்டுவிடுவார்கள். போன சடங்குக்கு வந்தவர்களில் இரண்டு குடும்பம் இந்த ஆண்டு வீட்டுக் கூரையைத் திருத்துகிறார்கள், ஒரு வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். பாடசாலையில் அந்த இரண்டு பெயரும் ஏறினால் அடுத்த ஆண்டு ஆசிரியரைக் குறைக்கிற பேச்சு நிற்கும் என்று அதிபர் நம்பிக்கையாக இருக்கிறார். சந்தியில் பூட்டிக் கிடக்கிற பழைய கூட்டுறவுக் கட்டடத்தைச் சுற்றி அகழி வெட்டி, முன்னால் சீமெந்துக் களம் போட்டுத் தரும்படி ஊரில் உள்ள பெண்கள் எல்லாரும் கையெழுத்து வைத்து ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் அதை நான்தான் வாசிக்கப்போகிறேன். பக்கத்து ஊர்க்காரர்களும் அன்றைக்கு வந்து இதையே கேட்டால் எங்களுக்குப் பலமாக இருக்கும்.